பல்லி சொன்னது

டார்வின். அதிகாலை இரண்டே முக்கால்.
மழை வருமா வராதா என்று
மூன்று வாரமாய்ப் புழுங்கும் நவம்பர்.
குளிர்சாதனம் ஓடியும்
மேசைமேல் வைத்த முழங்கை ஒட்டிக்கொள்கிறது.

கடலுக்கு அப்பால் ஒரு தீவில்
மலை வாய் திறந்திருக்கிறது.
செய்தி சுருக்கமாய் வந்தது:
உயரம் முப்பத்தோராயிரம் அடி,
நகர்வு தெற்கு,
நிறக்குறி சிவப்பு.
கூடவே ஒரு பலகோணம்,
ஆறு புள்ளிகளைச் சேர்த்து இழுத்த கோடு.
இப்போது இங்கே.
ஆறு மணிநேரத்தில் இங்கே.
ஐந்து ஐம்பதுக்குத் தென்பசாருக்குக் கிளம்பும்
எங்கள் விமானத்தின் பாதை
அதன் ஒரு மூலையை உரசிக்கொண்டு போகிறது.

சாம்பல் என்ற சொல்லே எங்களுக்கு எதிரி.
பாத்திரம் துலக்குகிற,
நெற்றியில் இடுகிற மென்மையை
அது ஞாபகப்படுத்திவிடுகிறது.
இது பாறை நொறுங்கிய பொடி. கண்ணாடித் தூள்.
விமானத்து ரேடார் இதைப் பார்க்காது,
அதற்கு மழைத்துளிதான் கண்ணில் படும்.
இரவில் விமானிக்கும் தெரியாது,
கந்தக வாடை வரும்வரை,
முன்கண்ணாடியில் நீலப்பொறிகள் ஓடும்வரை.
எஞ்சினுக்குள் போனால் உருகும்.
உருகியது சற்றே குளிர்ந்த தகடுகளில்
மறுபடி கண்ணாடியாய்ப் படியும்.
மூச்சு அடைக்கும்.
நீறு பூத்த நெருப்பு என்போம்.
இங்கே
நெருப்புக்குள் பூக்கிறது நீறு.

செயற்கைக்கோள் படத்தைப் புதுப்பித்தேன்.
தீவுக்குத் தெற்கே, முன்பு இல்லாத
நீளமான ஒரு வால்.
நெஞ்சு ஒருமுறை நின்றது.
வால் அசைந்தது.
திரையின்மேல் பல்லி.

ஊதினேன், போகவில்லை.

டெஸ்மண்ட் தன் வீட்டு மாம்பழத்தை
காகிதத் தட்டில் நறுக்கிக்கொண்டே,
“தெற்கே சுற்றிப் போகலாமே” என்றான்.
போகலாம்.
சுற்றிப் போக எண்ணெய்,
அங்கே ஓடுதளத்தை மூடிவிட்டால்
இறங்காமலே திரும்பி வர எண்ணெய்.
அத்தனை எண்ணெயின் எடைக்கு
இருபத்திரண்டு பேரை இறக்க வேண்டும்.
எந்த இருபத்திரண்டு?
“காற்று திரும்பலாம்” என்றான்.
“திரும்பாமலும் போகலாம்” என்றேன்.
ச்ச் ச்ச் ச்ச் என்றது பல்லி.
யார் பேசியதற்குப் பிறகு என்று
இருவருமே கவனிக்கவில்லை.

மூன்று பதினெட்டு. ரத்து.
ஐந்து எழுத்தோ ஆறோ தட்டினேன்,
நூற்று அறுபத்தெட்டு இருக்கைகள் காலியாயின.
மாம்பழம் நன்றாக இருந்தது.

விடிந்ததும் காபிக்குக் கீழே போனேன்.
கழுவி விட்டதுபோல் வானம்.
கண்ணாடிச் சுவரைக் காட்டி
சர்ஃப் பலகைக்காரர் ஒருவர்
கவுண்டரில் நின்ற லியானியிடம் கத்திக்கொண்டிருந்தார்:
“எங்கே சாம்பல்? காட்டு!
எந்தக் கோழை போட்ட உத்தரவு இது?”
பெட்டிமேல் படுத்துத் தூங்கிய சிறுமி
எழுந்து வானத்தைப் பார்த்தாள்,
பிறகு அவரை, பிறகு
வரிசையில் நின்ற என்னை.
அடையாள அட்டையை
முகம் உட்புறமாய்த் திருப்பிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வேறொரு நிறுவனம் பறந்தது.
காற்று அதற்குள் திரும்பியிருந்தது,
பத்திரமாய் இறங்கிவிட்டார்கள்.
குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார்களாம்,
எஞ்சின் சுத்தம்.
சர்ஃப் பலகைக்காரருக்கும் இது தெரிந்திருக்கும்.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
எரிமலைச் சாம்பல் என்று எழுதினேன்.
‘சேதம்’ என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன்.
நான் தடுத்ததால் இல்லையா,
இல்லவே இல்லாததால் இல்லையா
என்று கேட்கும் கட்டம்
அந்தப் படிவத்தில் கிடையாது.
பகல் முழுக்கத் திரைச்சீலையை மூடிப் படுத்தும்
தூக்கம் வரவில்லை.

இரவு வந்து உட்கார்ந்தபோது
புதிய பலகோணம் காத்திருந்தது,
நேற்றையதைவிடக் கொஞ்சம் ஒல்லி,
ஒரு மூலை மறுபடி பாதைமேல்.
சட்டை நுனியால் திரையைத் துடைத்தேன்.
குழல்விளக்குக்குப் பின்னால் பல்லி இருந்தது.
அதனிடம் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று
வாய் திறக்காமல்
காற்றின் எண்களை
முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.